எல்லோர் கைக்கும் எட்டும் ஸ்லைடர்: ஒரு மாங்கன்றுக் கணக்குப் பக்கத்தின் வழியே செய்முறை

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில் உள்ள சந்தூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் மா ஒட்டுக்கன்றுகளுக்குப் பெயர் பெற்றவை. அந்தப் பக்கத்து நாற்றுப் பண்ணை ஒன்றுக்காகச் சென்ற ஆண்டு ஒரு வலைப்பக்கம் அமைத்தேன். நிலத்தின் பரப்பையும் மரத்துக்கு மரம் விட வேண்டிய இடைவெளியையும் தெரிவித்தால், எத்தனை கன்றுகள் தேவைப்படும் என்று அந்தப் பக்கம் கணக்கிட்டுச் சொல்லும். கணக்கு எளியது. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி; 30 அடிக்கு 30 அடி நட்டால் ஏக்கருக்கு 48 கன்றுகள், 15 அடிக்கு 15 அடி நட்டால் 193 கன்றுகள். இரண்டு அளவுகளையும் ஸ்லைடரால், அதாவது கோட்டின்மேல் இழுத்து அளவை மாற்றும் கருவியால், நகர்த்திப் பார்க்கும்படி வைத்தால், பெங்களூரா வகை மாவை அடர்த்தியாக நடுவதா அகலமாக நடுவதா என்று யோசிக்கும் விவசாயிக்கு உதவியாக இருக்கும் என்று எண்ணினேன்.

முதல் முறை நான் செய்தது தவறு. இரண்டு ‘டிவ்’ உறுப்புகளை (வலைப்பக்கத்தின் வெற்றுப் பெட்டிகளை) ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலே இருந்த வட்டத்தைச் சுட்டியால் இழுக்கும்படி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, பார்க்க அழகாக இருக்கிறது என்ற மகிழ்ச்சியில் ஒப்படைத்துவிட்டேன். பாலக்கோட்டில் இருக்கும் என் பெரியப்பா மகனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானின் துணையோடு கணினியில் வேலை செய்பவர். அவரிடம் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னபோது, டேப் விசை என் ஸ்லைடர்களில் நிற்கவே இல்லை. நேரே ‘ஆர்டர் செய்க’ பொத்தானுக்குத் தாவிவிட்டது. பண்ணைக்காரப் பெரியவருக்கு வேறு சிக்கல். ஒட்டுக் கட்டிக் கட்டி அவருடைய விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. கையில் சிறு நடுக்கமும் உண்டு. நடுப்பகல் வெயிலில் செல்பேசியின் திரையில் மெல்லிய தடம் தெரியவில்லை, தெரிந்த வட்டமும் விரலுக்குப் பிடிபடவில்லை. இருவருக்கும் பயன்படாத அந்த நிரலைக் கலைத்துவிட்டு மறுபடி எழுதினேன். அப்போது சரிபார்த்துக் கற்றுக்கொண்டவற்றையே இங்கே வரிசையாகத் தருகிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்லைடரில் நகரும் பகுதியைக் குமிழ் என்றும், அது ஓடும் கோட்டைத் தடம் என்றும் குறிப்பிடுகிறேன். நிரலில் வரும் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை நிரல்மொழிக்குரிய எழுத்துகளிலேயே இட வேண்டும்.

ஸ்லைடர் தேவையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தொடக்கமும் முடிவும் தெரிந்த ஓர் அளவில், ஏறக்குறைய இவ்வளவு என்று ஓர் இடத்தைத் தேர்ந்து, கூட்டிக் குறைத்து விளைவைப் பார்க்க விரும்பும்போதுதான் ஸ்லைடர் பயன்படும். மரங்களுக்கிடையிலான இடைவெளி அத்தகைய அளவு. 8 அடியிலிருந்து 35 அடி வரை நகர்த்தும்போது கன்றுகளின் எண்ணிக்கை எப்படி இறங்குகிறது என்பதைப் பார்ப்பதிலேயே பாதிப் பயன் இருக்கிறது. பின்கோடு, சர்வே எண், செல்பேசி எண் போன்றவற்றுக்கு ஸ்லைடர் வைப்பது பயனரைத் துன்புறுத்துவதாகும்.

காட்டுவதற்கு மட்டும் உரிய அளவையும் ஸ்லைடரால் காட்டக் கூடாது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முழுக் கொள்ளளவு உயரமான 52 அடியில் இன்று எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதையோ, ஒகேனக்கல்லுக்கு எத்தனை கன அடி நீர் வருகிறது என்பதையோ பயனர் மாற்ற முடியாது. அவற்றுக்கென, வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் ‘மீட்டர்’ என்ற தனி உறுப்பு இருக்கிறது. ஸ்லைடரை முடக்கி வைத்து அளவுமானியாகப் பயன்படுத்தினால், தன்னால் இதை மாற்ற முடியும், ஏதோ காரணத்தால் இப்போது முடியவில்லை என்றே திரைவாசிப்பானைக் கேட்பவர் நினைப்பார்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே கவனிக்க வேண்டும். உலாவியின் ஸ்லைடருக்கு வெறுமையான நிலை கிடையாது. பயனர் அதைத் தொடாமலே படிவத்தை அனுப்பினாலும் ஏதோ ஓர் எண் சேர்ந்து போகும். ஆண்டு வருமானம், வலியின் அளவு போல, பதில் சொல்லப்படவில்லை என்பதையும் அறிய வேண்டிய கேள்விகளுக்கு இது பொருந்தாது.

உலாவி தருவதை வைத்துத் தொடங்குங்கள்

‘இன்புட்’ உறுப்பின் ‘டைப்’ பண்பில் ‘ரேஞ்ச்’ என்று எழுதிவிட்டால் முழுமையான ஸ்லைடர் ஒன்றை உலாவியே தந்துவிடுகிறது. 2014 அக்டோபரில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக வெளியிட்ட எச்டிஎம்எல் 5-இலேயே இது இடம்பெற்றுவிட்டது. டேப் விசையால் அதை அடையலாம். அம்பு விசைகளால் கூட்டிக் குறைக்கலாம். ஹோம் விசை சிறும அளவுக்கும் எண்ட் விசை பெரும அளவுக்கும் கொண்டுசெல்லும். பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் பெரிய படியாக நகர்த்தும். பெரும்பாலான உலாவிகளில் தடத்தின் எந்த இடத்தைத் தொட்டாலும் குமிழ் அங்கே வந்து நிற்கும். செல்பேசியில் டாக்பேக், வாய்ஸ்ஓவர் ஆகிய திரைவாசிப்பான்களும் தம் சைகைகளால் இதை நகர்த்தும். என் பழைய ‘டிவ்’ ஸ்லைடரில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

எழுத வேண்டியவை ‘மின்’ (சிறுமம்), ‘மேக்ஸ்’ (பெருமம்), ‘ஸ்டெப்’ (படி), ‘வேல்யூ’ (அளவு) என்ற நான்கு பண்புகள். எதையும் எழுதாவிட்டால் 0 முதல் 100 வரை, ஒவ்வொன்றாக, 50-இல் தொடங்கும். நிலப்பரப்புக்கு நான் சென்டை அலகாகக் கொண்டேன்: சிறுமம் 10, பெருமம் 1000, படி 10. தொடக்க அளவு 100 சென்ட், அதாவது ஒரு ஏக்கர். தொடக்க அளவை எழுதாமல் விட்டிருந்தால் உலாவி நடுப்புள்ளியான 505-ஐ எடுத்து, படிக்குப் பொருந்த 510 ஆக்கியிருக்கும். பக்கத்தைத் திறந்ததும் 5 ஏக்கர் 10 சென்ட் என்று வந்து நின்றால், அரை ஏக்கர் வைத்திருப்பவர் இது தனக்கான பக்கம் இல்லை என்று மூடிவிடுவார்.

படியின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை, சிறும அளவிலிருந்து தொடங்குகிறது. இதை அறியாமல் நான் முதலில் சிறுமத்தை 25 என்று வைத்திருந்தேன். படி 10 ஆகவே இருந்ததால் 25, 35, 45 என்றுதான் நகர்ந்தது. நான் கொடுத்த 100 என்ற தொடக்க அளவை உலாவி எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் 105 ஆக மாற்றிவிட்டது. பெருமமும் 995-ஐத் தாண்டவில்லை. எனவே சிறுமத்தையும் படியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயர் இல்லாத ஸ்லைடர் இருந்தும் இல்லாததே. ‘லேபிள்’ உறுப்பை எழுதி, அதன் ‘ஃபார்’ பண்பை ஸ்லைடரின் ‘ஐடி’யோடு பொருத்த வேண்டும். மேலே பெரிய எழுத்தில் ‘நிலப்பரப்பு’ என்று தலைப்பு இருப்பது பார்வை உள்ளவருக்குப் போதும். திரைவாசிப்பானுக்கு அந்தத் தலைப்பும் ஸ்லைடரும் தொடர்பில்லாத இரண்டு பொருள்கள். பக்கத்தின் ‘லேங்’ பண்பில் தமிழுக்குரிய குறியீட்டையும் மறக்காமல் தர வேண்டும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ஜி குரல்பொறிக்குத் தமிழ் தெரியும் என்றாலும், எந்த மொழியில் படிக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அளவை மக்கள் சொல்லும் அலகில் பேசச் செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் ஒருவர் படிப்பாரானால் அது இதுவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உலாவியின் ஸ்லைடருக்கு மாறிய பிறகு மறுபடி பாலக்கோட்டுக்குப் போய்ப் பக்கத்தைக் காட்டினேன். இப்போது டேப் விசை நின்றது, அம்பு விசைகள் வேலை செய்தன. அவர் சிறிது நேரம் நகர்த்திவிட்டுக் கேட்டார்: “தம்பி, இருநூத்தி நாப்பதுன்னு சொல்லுது. எதுல இருநூத்தி நாப்பது? சென்ட்டா, அடியா, கன்னா?” நிரலுக்கு 240 என்பது போதும். நிலம் வைத்திருப்பவரின் நாவில் அது இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் அச்சாகியிருந்தாலும், வரப்பில் நின்று பேசும்போது யாரும் அந்த அலகில் பேசுவதில்லை.

இதற்கென்றே, திரைவாசிப்பான் போன்ற உதவிக்கருவிகளுக்குத் தகவல் தரும் ‘ஏரியா’ பண்புகளில் ‘ஏரியா-வேல்யூடெக்ஸ்ட்’ என்ற பண்பு இருக்கிறது. இதில் எழுதப்படும் தொடரையே எண்ணுக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும். ஸ்லைடர் நகரும்போதெல்லாம் எண்ணை நூறால் வகுத்து, ஈவை ஏக்கராகவும் மீதியைச் சென்டாகவும் சொற்றொடராக்கி இந்தப் பண்பில் வைக்க வேண்டும். ஏக்கர் பூஜ்யமாக இருந்தால் ‘80 சென்ட்’ என்றும், சென்ட் பூஜ்யமாக இருந்தால் ‘3 ஏக்கர்’ என்றும் சுருங்க வேண்டும். ‘0 ஏக்கர் 80 சென்ட்’ என்று படிக்கக் கேட்பது எரிச்சலூட்டும். ‘ஏக்.’, ‘செ.’ போன்ற சுருக்கங்களை எழுதக் கூடாது, குரல்பொறி அவற்றை அப்படியே உச்சரித்துவிடும். தொடரைக் குறுகியதாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். அம்பு விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இது முழுவதும் ஒலிக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கன்றுகளின் எண்ணிக்கையையும் இதற்குள் திணிக்க எனக்கு ஆசை வந்தது, நல்லவேளையாகச் செய்யவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இரண்டு நிகழ்வுகள் கிடைக்கும். குமிழ் நகர நகர ‘இன்புட்’ நிகழ்வு வந்துகொண்டே இருக்கும். குமிழை விட்ட பிறகு ‘சேஞ்ச்’ வரும். சொற்றொடரையும் கண்ணுக்குத் தெரியும் எண்ணையும் ‘இன்புட்’ நிகழ்வில் புதுப்பிக்க வேண்டும். பக்கம் திறந்தவுடன் ஒரு முறை அதே செயற்கூற்றை அழைப்பதும் கட்டாயம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் பக்கத்தை மறுபடி ஏற்றும்போது முன்பிருந்த அளவு அப்படியே தங்கிவிடுவது உண்டு. அப்போது குமிழ் ஓரிடத்திலும் சொற்றொடர் வேறிடத்திலும் நிற்கும். பழைய தொடரைப் படிக்கும் ஸ்லைடர், தொடரே இல்லாத ஸ்லைடரை விடத் தீங்கானது, ஏனெனில் கேட்பவர் அதை நம்பிவிடுவார். ஸ்லைடரிடமிருந்து கிடைக்கும் ‘வேல்யூ’ எப்போதும் எழுத்துச்சரம் என்பதையும் மறக்கக் கூடாது. அதனோடு 10-ஐக் கூட்டினால் 240 என்பது 24010 ஆகிவிடும். எண்ணாகவே வேண்டுமானால் ‘வேல்யூஆஸ்நம்பர்’ என்பதைப் படிக்கலாம்.

கண்ணுக்குத் தெரியும் அளவை ‘அவுட்புட்’ உறுப்பில் காட்டுமாறு பல பாடங்கள் சொல்லித்தருகின்றன. அந்த உறுப்பு தன் மாற்றத்தைத் தானாகவே திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும் இயல்புடையது. எனவே ஸ்லைடரும் அளவைச் சொல்லி, ‘அவுட்புட்’டும் அதையே சொல்லி, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் இரட்டைக் குரல் கேட்கும். ஸ்லைடரின் அளவைச் சாதாரண ‘ஸ்பேன்’ உறுப்பில் காட்டிவிட்டு, கணக்கின் விடையான கன்று எண்ணிக்கைக்கு மட்டும் ‘அவுட்புட்’டை ஒதுக்குவதே சரி. அந்த விடையையும் நகரும் வேகத்துக்கு மாற்றாமல், பயனர் நிறுத்தி ஏறக்குறைய அரை நொடி ஆன பிறகு மாற்றுமாறு காலம் தாழ்த்தினேன். விசையால் நகர்த்தும்போது ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ‘சேஞ்ச்’ வரக்கூடும் என்பதால், அந்த நிகழ்வை மட்டும் நம்பினால் போதாது.

தோற்றத்தை மாற்றுதல்

நிறம் மட்டும் போதுமென்றால், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் ‘ஆக்சென்ட்-கலர்’ என்ற ஒரே வரி போதும். 2021-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும், 2022-இல் சஃபாரியும் இதை ஏற்றுக்கொண்டன. பல பக்கங்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது என்பது என் கருத்து.

எங்கள் பண்ணைக்குக் குமிழ் பெரிதாக வேண்டியிருந்தது. அப்போது ‘அப்பியரன்ஸ்’ பண்பை ‘நன்’ ஆக்கி, உலாவியின் தோற்றத்தைக் களைந்துவிட்டு, குமிழையும் தடத்தையும் புதிதாக வரைய வேண்டும். குரோம், சஃபாரி உலாவிகளுக்கு ‘வெப்கிட்’ முன்னொட்டுள்ள போலி உறுப்புகள், அதாவது ஓர் உறுப்பின் உட்பகுதியைச் சுட்டும் பெயர்கள். ஃபயர்ஃபாக்ஸுக்கு ‘மோஸ்’ முன்னொட்டுள்ளவை. இரண்டையும் காற்புள்ளியிட்டு ஒரே விதியில் சேர்க்க முடியாது. ஒன்றைப் புரிந்துகொள்ளாத உலாவி அந்த விதி முழுவதையுமே தள்ளிவிடும். ஒரே வரிகளை இரு முறை எழுதுவது அலுப்பாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். தடத்தின் உயரம் 8 பிக்சல், குமிழ் 32 பிக்சல் என்று வைத்தால், வெப்கிட் வகை உலாவிகளில் குமிழ் தடத்துக்குக் கீழே தொங்கும். அதற்கு ‘மார்ஜின்-டாப்’ பண்பில் இரண்டின் வேறுபாட்டில் பாதியை, அதாவது மைனஸ் 12 பிக்சலைத் தர வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே நடுவில் நிறுத்திக்கொள்ளும்.

கடந்த பகுதியை வேறு நிறத்தில் நிரப்புவதற்கு ஃபயர்ஃபாக்ஸில் தனிப் போலி உறுப்பு உண்டு. மற்றவற்றில் தடத்தின் பின்னணியாகக் கிரேடியன்ட்டை (நிறச் சாய்வை) வைத்து, அது முடியும் இடத்தைச் சிஎஸ்எஸ் மாறி ஒன்றின் வழியாக ஜாவாஸ்கிரிப்ட் தெரிவிக்க வேண்டும். இங்கே இரண்டு பிழைகள் வழக்கமாக நிகழ்கின்றன. அளவைப் பெருமத்தால் வகுத்து விழுக்காடு காண்பது முதல் பிழை. 8 முதல் 35 அடி வரையுள்ள இடைவெளி ஸ்லைடரில் அப்படிச் செய்தால், குமிழ் இடக்கோடியில் நிற்கும்போதே தடத்தில் 23 விழுக்காடு நிரம்பியிருக்கும். அளவிலிருந்து சிறுமத்தைக் கழித்து வரும் எண்ணை, பெருமத்திலிருந்து சிறுமத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். இரண்டாவது பிழை நுட்பமானது. குமிழின் மையம் தடத்தின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. 300 பிக்சல் தடத்தில் 32 பிக்சல் குமிழின் மையம் 16-இல் தொடங்கி 284-இல் முடிகிறது. ஆகவே நிரப்பும் இடம் என்பது குமிழின் அகலத்தில் பாதியோடு, தடத்தின் நீளத்திலிருந்து குமிழின் அகலத்தைக் கழித்ததில் அந்த விழுக்காட்டைக் கூட்டுவதாகும். சிஎஸ்எஸ்ஸின் ‘கால்க்’ செயற்கூறு இந்தக் கணக்கை அப்படியே ஏற்கும்.

பண்ணைக்காரர் மாம்பழ மஞ்சள்தான் வேண்டும் என்றார். மாங்கன்றுக் கடைக்கு வேறு நிறத்தைச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் வலை உள்ளடக்கத்துக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் அணுகல் நெறிகளின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பான 2.1, இயக்கும் கருவியின் எல்லைக்கும் சுற்றியுள்ள நிறத்துக்கும் குறைந்தது 3-க்கு 1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும் என்கிறது. சிவப்பு 255, பச்சை 193, நீலம் 7 என்ற மஞ்சளை வெள்ளைத் தாளில் வைத்தால் வேறுபாடு ஏறக்குறைய 1.6 மட்டுமே, வெயிலில் பெரியவருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. தடத்தை முற்றிய மாவிலைப் பச்சையாக, அதாவது சிவப்பு 27, பச்சை 94, நீலம் 32 என்று மாற்றியதும் வெள்ளையோடு 7.8-ஐத் தாண்டியது. குமிழை மஞ்சளாகவே விட்டு, அதைச் சுற்றி அதே பச்சையில் 3 பிக்சல் விளிம்பு கட்டினேன். மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையே 4.8 கிடைத்தது. அவர் கேட்ட நிறமும் நின்றது, நெறியும் நிறைவேறியது.

‘அவுட்லைன்’ பண்பை ‘நன்’ ஆக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். விசைப்பலகையால் இயக்குபவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டும் ஒரே அடையாளம் அந்தக் கோடுதான். ‘ஃபோகஸ்-விசிபிள்’ நிலையில் குமிழைச் சுற்றி, சிறிது இடைவெளி விட்டுத் தடித்த கோடு ஒன்றை வரையுங்கள். விண்டோஸில் உயர் மாறுபாட்டு நிறங்களை இயக்கியிருப்பவருக்கு நாம் தந்த பின்னணி நிறமும் கிரேடியன்ட்டும் நீங்கிவிடும். தடத்துக்கு ஒரு பிக்சல் விளிம்பு தந்திருந்தால் அந்த விளிம்பு நிற்கும், தடமும் தெரியும். மற்ற நேரங்களில் விளிம்பைப் புலப்படாத நிறத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இழுக்க முடியாதவருக்கு வேறு வழி

2023 அக்டோபர் 5 அன்று வெளிவந்த, அதே அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பு சேர்த்த விதிகளில் இரண்டு ஸ்லைடருக்கு முக்கியமானவை. இழுத்துச் செய்யும் எந்தச் செயலையும் இழுக்காமல், தொட்டே செய்யவும் வழி இருக்க வேண்டும் என்பது ஒன்று. தொடும் இலக்கு குறைந்தது 24-க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. உயர்நிலை விதி 44 பிக்சல் கேட்கிறது. காய்த்த விரலுக்கும் நடுங்கும் கைக்கும் 24 போதாது என்பதை நேரில் பார்த்தேன். எனவே ‘இன்புட்’ உறுப்பின் உயரத்தையே 44 பிக்சல் ஆக்கினேன். தடம் மெலிதாகத் தெரிந்தாலும் தொடும் பரப்பு பெரிதாக இருக்கும்.

ஸ்லைடரின் இருபுறமும் கூட்டல், கழித்தல் பொத்தான்களை வையுங்கள். அவற்றின் பெயர் வெறும் குறியாக இல்லாமல் ‘10 சென்ட் கூட்டு’, ‘10 சென்ட் குறை’ என்று படிக்கப்பட வேண்டும். பொத்தானின் ‘டைப்’ பண்பை ‘பட்டன்’ என்று எழுதாவிட்டால் அழுத்தியவுடன் படிவம் பறந்துவிடும். ‘ஸ்டெப்அப்’, ‘ஸ்டெப்டவுன்’ என்ற செயற்கூறுகள் அளவை மாற்றும், ஆனால் ‘இன்புட்’ நிகழ்வை எழுப்பாது. சொற்றொடரைப் புதுப்பிக்கும் செயற்கூற்றை நாமே அழைக்க வேண்டும்.

தன் நிலம் 2 ஏக்கர் 35 சென்ட் என்று துல்லியமாகத் தெரிந்தவருக்கு எண் பெட்டியும் வேண்டும். இங்கே நான் அரை நாளைத் தொலைத்தேன். பெட்டியில் 235 என்று எழுதினால் அது ஸ்லைடருக்குப் போகும்; ஸ்லைடர் தன் படிக்கு ஏற்ப 240 ஆக்கும்; அந்த 240 பெட்டிக்கே திரும்பிவந்து, பயனர் எழுதியதை அழித்துவிடும். தீர்வு, இரண்டில் எது உண்மை என்பதை முடிவு செய்வதுதான். படிவத்தோடு செல்லும் ‘நேம்’ பண்பைப் பெட்டிக்கு மட்டும் தந்தேன். ஸ்லைடரை நகர்த்தினால் பெட்டி மாறும். பெட்டியில் எழுதினால் குமிழ் அருகிலுள்ள படிக்கு நகரும், ஆனால் பெட்டியைத் தொடாது. அந்நேரத்தில் சொற்றொடரும் பெட்டியின் அளவையே சொல்ல வேண்டும். பெட்டியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே சரிபார்த்துத் திருத்தக் கூடாது. 235 எழுத முனைபவர் முதலில் 2 என்றுதான் எழுதுவார், அது சிறுமத்தைவிடக் குறைவு.

இரண்டு குமிழ்கள் தேவைப்படும்போது

கன்றின் விலை இன்னதிலிருந்து இன்னது வரை என்று வடிகட்டுவதற்கு இரண்டு குமிழ்கள் வேண்டும். உலாவி அப்படி ஒன்றைத் தருவதில்லை. உடனே ‘டிவ்’ உறுப்புகளுக்கு ஓடத் தோன்றும். அவ்வழியில் போனால் ‘ஸ்லைடர்’ என்ற ‘ரோல்’, ‘டேப்இண்டெக்ஸ்’, சிறுமம், பெருமம், இப்போதைய அளவு ஆகியவற்றுக்கான ‘ஏரியா’ பண்புகள், எல்லா விசைகளுக்கும் நிரல், அந்த விசைகள் பக்கத்தையும் சேர்த்து உருட்டிவிடாமல் தடுத்தல், விரல் குமிழை விட்டு விலகினாலும் பிடி விடாதிருக்கப் ‘பாயின்ட்டர் கேப்சர்’, இழுக்கும்போது திரை நகராதிருக்க ‘டச்-ஆக்‌ஷன்’ என்று எல்லாமே நம் பொறுப்பாகிவிடும். அத்தனையும் செய்த பிறகும், செல்பேசித் திரைவாசிப்பான்களின் சைகைகள் எல்லா இடத்திலும் விசை நிகழ்வுகளாக வந்து சேர்வதில்லை என்பதால், டாக்பேக் பயன்படுத்துபவரால் அதை நகர்த்த முடியாமல் போகலாம்.

இரண்டு ‘ரேஞ்ச்’ உறுப்புகளையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது எனக்குச் சரியாகப்பட்டது. உறுப்புகளின் ‘பாயின்ட்டர்-ஈவென்ட்ஸ்’ பண்பை ‘நன்’ ஆக்கி, குமிழ்களுக்கு மட்டும் ‘ஆட்டோ’ தந்தால் இரண்டு குமிழ்களும் விரலுக்குக் கிடைக்கும். ஆனால் தடத்தைத் தொட்டால் நகரும் வசதி இதில் போய்விடுகிறது. எனவே இங்கே எண் பெட்டிகள் கட்டாயமாகின்றன. இரண்டையும் குழுவாக்கும் ‘ஃபீல்டுசெட்’ உறுப்புக்குள் வைத்து, அதன் தலைப்பான ‘லெஜண்ட்’டில் ‘கன்று விலை’ என்றும், லேபிள்களில் ‘குறைந்தது’, ‘அதிகம்’ என்றும் எழுத வேண்டும். ஒரு குமிழ் மற்றதைத் தாண்டாமல் தடுக்க ‘மேக்ஸ்’ பண்பை மாற்றினால், அளவுகோலே மாறிக் குமிழ் இடம்பெயர்ந்து குதிக்கும். எல்லையைத் தாண்டும் அளவை நிரலில் திருத்தி எழுதுவதுதான் வழி. இரண்டு குமிழ்களும் வலக்கோடியில் ஒன்றுசேரும்போது மேலிருப்பது எது என்பதையும் கவனியுங்கள். பெருமக் குமிழ் மேலே இருந்தால், அதற்கு மேல் கூட்டவும் முடியாது, கீழிருப்பதைப் பிடித்துக் குறைக்கவும் முடியாது. எனவே நடுவைத் தாண்டியதும் சிறுமக் குமிழை மேலே கொண்டுவர வேண்டும்.

மற்றவர்களும் எடுத்தாளும்படி அமைத்தல்

ஓசூர்ப் பக்கத்திலிருந்து ரோஜாக் கன்று விற்பவர் ஒருவர் இதே ஸ்லைடரைக் கேட்டார். அவருடைய வாடிக்கையாளர்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பலர். அப்போதுதான் ‘ஏக்கர்’, ‘சென்ட்’ என்ற சொற்களை நிரலுக்குள்ளேயே பதித்து வைத்திருந்ததன் தவறு புரிந்தது. எண்ணை வாங்கிச் சொற்றொடரைத் திருப்பித் தரும் செயற்கூற்றை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றினேன். மொழியும் அலகும் அவரவர் கையில் இருக்கும். நிறம், குமிழின் அளவு, தடத்தின் தடிமன் ஆகியவை சிஎஸ்எஸ் மாறிகளாயின. ரூபாய்த் தொகைகளுக்கு ‘இன்டல் நம்பர்ஃபார்மேட்’டில் இந்தியத் தமிழுக்கான குறியீட்டைத் தந்தால் 1,00,000 என்று இலட்சக் கணக்கில் காற்புள்ளி விழும். இவற்றைத் தனி உறுப்பாகப் பொதிவோர், உறுப்பின் உட்புறத்தைப் பக்கத்தின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து வைக்கும் ‘ஷேடோ டாம்’ பயன்படுத்தினால், வெளியிலிருக்கும் லேபிள் உள்ளிருக்கும் ஸ்லைடரை எட்டாது. லேபிளையும் ஸ்லைடரையும் எப்போதும் சேர்த்தே, இரண்டையும் உள்ளேயோ இரண்டையும் வெளியேயோ வையுங்கள்.

ஒப்படைப்பதற்கு முன்

சுட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் ஓர் ஆர்டரை முடித்துப் பாருங்கள். என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. அதை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, ஸ்லைடரின் பெயரும் அளவும் ஒரு முறை, ஒரே முறை, ஒலிக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு செல்பேசி ஒன்றில் டாக்பேக்கை இயக்கி, ஒலியளவுப் பொத்தான்களால் குமிழை நகர்த்திப் பாருங்கள். பக்கத்தை 400 விழுக்காடு பெரிதாக்கினாலும் பொத்தான்கள் ஸ்லைடரின்மேல் ஏறக் கூடாது. ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்திவிட்டுப் படிவத்தை அனுப்புங்கள். எண் பெட்டியில் எழுதியதைக் கொண்டு சர்வரே கணக்கிட்டு விடை தர வேண்டும். மலையடிவார ஊர்களில் பக்கம் பாதி இறங்கும்போதே சிக்னல் அறுந்துபோவது உண்டு.

கடைசிச் சோதனையைப் பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒட்டுக் கட்டும் கொட்டகைக்கு வெளியே, திரையின் வெளிச்சத்தைக் கூட்டாமல் செய்தோம். பெரியவர் குமிழைத் தொடவே இல்லை. ‘10 சென்ட் கூட்டு’ பொத்தானை நான்கு முறை அழுத்தி, 1 ஏக்கர் 40 சென்ட் என்று வந்ததும் நிறுத்தி, கன்றுகளின் எண்ணிக்கையைத் தம் மனக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.